கேப்ஸ் லாக்கை கன்ட்ரோலாக மாற்றுவோர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

லினக்ஸின் எழுத்து கன்சோலில் (வரைகலை இல்லாமல் கட்டளைகளை மட்டும் தட்டும் திரையில்) கேப்ஸ் லாக் விசையை கன்ட்ரோலாக மாற்றிக்கொள்வது நல்ல பழக்கம். ஆனால் பரவலாகச் சொல்லப்படும் அரைகுறை வழிகள் புதியவர்களைத் திணறவைக்கின்றன.

ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட் ஆகியவற்றின் ஒவ்வொரு சேர்க்கைக்கும், எந்த விசை என்ன செய்யும் என்று சொல்லும் தனித்தனி அட்டவணையை லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் வைத்திருக்கிறது. சாதாரண அட்டவணையில் மட்டும் கேப்ஸ் லாக்கை கன்ட்ரோல் ஆக்கினால், விரலை எடுக்கும்போது கர்னல் பார்ப்பது கன்ட்ரோல் அட்டவணையை. அங்கே அது இன்னும் கேப்ஸ் லாக்தான். கன்ட்ரோலை விட்ட செய்தி பதிவாகாமல், அது அழுந்தியபடியே நிற்கும். 'எல்' தட்டினால் திரை அழியும். வெற்று வரியில் 'டி' தட்டினால் கட்டளைகளை வாங்கும் ஷெல்லே மூடிக்கொள்ளும். விசைப்பலகை பழுது என்று நினைத்துப் புதிது வாங்க வேண்டாம்!

விசை அமைப்பை மாற்றும் 'லோட்கீஸ்' கட்டளைக்குத் தரும் கோப்பின் முதல் வரியில் 'கீமேப்ஸ் 0-127', அடுத்த வரியில் 'கீகோட் 58 = கன்ட்ரோல்' என்று இருந்தால் எல்லா அட்டவணைகளும் ஒன்றாக மாறும். உங்கள் பலகையில் கேப்ஸ் லாக்கின் எண் 58தானா என்பதை 'ஷோகீ' கட்டளை காட்டிவிடும். 10 விநாடி எதையும் தொடாவிட்டால் அதுவே நின்றுவிடும். இவற்றை வரைகலைத் திரையின் டெர்மினலில் செய்யாதீர்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி நிஜக் கன்சோலுக்குப் போங்கள்.

'லோட்கீஸ்' கொடுக்கும் முன் 'டம்ப்கீஸ்' மூலம் பழைய அமைப்பை ஒரு கோப்பில் சேமிப்பது கட்டாயம். மாற்றம் எல்லா மெய்நிகர் கன்சோல்களையும் பாதிக்கும். நீங்கள் லாகவுட் செய்தாலும் அடுத்தவரின் லாகின் வரியில் அப்படியே இருக்கும். கணினியை மறுதொடக்கம் செய்தால்தான் தானாகப் போகும்.

தமிழ்99 விசைப்பலகை அமைப்பையும் இதே வழியில் கொண்டுவர முயல வேண்டாம். கன்சோல் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்கள்தான். கொம்பும் காலும் சேர்த்து எழுத்தை அமைக்க அதற்குத் தெரியாது.

நிரந்தர மாற்றத்துக்கு, டெபியன் லினக்ஸில் பொதியோடு வந்த கோப்புகளைத் திருத்தாதீர்கள். அடுத்த மேம்படுத்தலில் அழிந்துவிடும். 'எட்ஸி' (/etc) அடைவில் 'டீஃபால்ட்' உள்ளேயுள்ள 'கீபோர்டு' கோப்பின் ஆப்ஷன்ஸ் வரியில் கன்ட்ரோலுக்கான 'நோகேப்ஸ்' தேர்வைச் சேர்த்து, 'செட்டப்கான்' இயக்கினால் போதும். வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்திருப்பவர்கள் தொடக்கத்தில் ஏற்றப்படும் கோப்புத் தொகுப்பைப் புதுப்பிக்கும் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்' கட்டளையை 'யூ' தேர்வுடன் இயக்க வேண்டும். இல்லையென்றால் தொடக்கத்தில் கடவுச்சொல் கேட்கும் இடத்தில் பழைய அமைப்பே இருக்கும்.

இப்படிக்கு,
கட்டற்ற மென்பொருள் பயிற்றுநர்கள்,
மதுரை