துவரை மூட்டை வாங்கப்போகும் மலருக்கு

அன்புள்ள மலர்,

இந்தத் தையில் துவரை அறுப்பு முடிந்ததும் களத்திலேயே ஒரு மூட்டை வாங்கி வருஷத்துக்கும் வைத்துக்கொள்ளலாமா, அரிசியையும் அப்படியே வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். துவரையைத் தாராளமாக வைக்கலாம், அரிசிக்கு மட்டும் கணக்கு வேறு, அதைப் பிறகு சொல்கிறேன். மொட்டை மாடியும் வெயிலும் இருக்கின்றன, மீதி கைவேலைதான். ஆனால் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளாமல் இறங்கினால் ஆடி மாசம் மூடியைத் திறக்கும்போது பாதி மாவாகக் கிடக்கும். மலிவாக வாங்கிய லாபமும் அதோடு போய்விடும்.

“நன்றாக மூடித்தானே வைத்தேன், வண்டு எப்படி உள்ளே போனது?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெரும்பாலும் அது வெளியிலிருந்து போவதில்லை. பயறு வண்டு வயலிலேயே, காய் முற்றும் காலத்திலேயே முட்டையிட்டுவிடுகிறது. முட்டை பொரிந்ததும் புழு நேராகப் பருப்புக்குள் துளைத்துக்கொண்டு இறங்கும். ஏறத்தாழ ஒரு மாதத்தில், வட்டமாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டு வண்டாக வெளியே வரும். ஒரு பெண் வண்டு நூறு முட்டை வரை இடும். தையில் மூட்டைக்குள் பத்து வண்டு இருந்தால் சித்திரையில் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார். அரிசி வண்டும் இதே வழிதான். மணியில் குழி தோண்டி முட்டையை உள்ளே வைத்து, குழியை அடைத்தும் விடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஆகவே வேலை மூன்று. பொருளோடு வந்ததை முதல் வாரத்திலேயே கொல்ல வேண்டும், ஈரத்தை இறக்க வேண்டும், காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும். இலை தழை எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

முதலில் காய்ச்சலைப் பற்றி, அதாவது தானியம் எவ்வளவு காய்ந்திருக்க வேண்டும் என்பதைப் பற்றிச் சொல்கிறேன். அரிசியில் 12 முதல் 13 சதம், பயறு வகையில் 10 சதத்தை ஒட்டி ஈரம் இருந்தால் வைக்கலாம். வீட்டில் அளக்கக் கருவி இருக்காது, பல்தான் கருவி. துவரையைக் கடித்தால் ‘டக்’கென்று இரண்டாகத் தெறிக்க வேண்டும். பல் பதிந்தால் காய்ச்சல் போதாது. இன்னொரு சோதனையும் உண்டு. பொடி உப்பை வாணலியில் வறுத்து ஆறவைத்துக்கொள். ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தானியமும் ஒரு பெரிய கரண்டி உப்பும் போட்டு இரண்டு மூன்று நிமிஷம் குலுக்கி, கொஞ்ச நேரம் அப்படியே வை. உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதத்துக்கு மேல், அதை அடைக்கவே கூடாது. ஒட்டாவிட்டால் படுமோசம் இல்லை என்றுதான் அர்த்தம். கடைசித் தீர்ப்பைப் பல்லிடமே விட்டுவிடு.

மூட்டை வீட்டுக்கு வந்த அந்த வாரமே துவரைக்கு வெயில் அடுப்பு போட வேண்டும். மாடியில் சாக்கு விரித்து, அதன்மேல் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு. தரையின் குளிர்ச்சி மேலே ஏறாமல் இருக்கத்தான் சாக்கு. விரிப்பில் துவரையை ஒரு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மேலே கண்ணாடிபோல் தெளிவான பிளாஸ்டிக் தாளை மூடி, நான்கு ஓரத்தையும் செங்கல்லால் அழுத்திவிடு. உள்ளே 57 டிகிரி வெப்பம் ஒரு மணி நேரம் நின்றால் முட்டை, புழு, வண்டு எல்லாம் செத்துவிடும். காலை பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை விட்டால் நல்ல வெயிலில் அந்தச் சூடு கிடைத்துவிடும். வெறுமனே திறந்து காயப்போட்டால் இந்தச் சூடு வராது. வண்டு ஓடிப்போகும், உள்ளே இருக்கும் புழு தப்பித்துக்கொள்ளும். தாளின் உள்பக்கம் நீர் கோத்தால் துவரையில் ஈரம் மிச்சம் இருக்கிறது என்று பொருள். அன்றைக்குத் தாளை எடுத்துவிட்டு முதலில் திறந்து உலர்த்து, மறுநாள் மூடிக்கொள்ளலாம். எடுத்ததும் சூட்டோடு டிரம்மில் கொட்டாதே, ஆறட்டும். சூடான தானியத்தை அடைத்தால் இரவில் டிரம்மின் சுவரில் வியர்த்து, அந்த ஓரத்திலேயே பூசணம் பிடிக்கும்.

இனி செம்மண் கட்டுவது, அதாவது துவரையில் செம்மண் பூசிக் காயவைத்துப் பருப்பாக உடைப்பது. இதைச் சிலர் சடங்குபோல் நினைக்கிறார்கள், ஆனால் இதில் உள்ள விஞ்ஞானம் நேரானது. ஊறிய துவரையின்மேல் பூசிய மண் காயும்போது ஈரத்தை இழுக்கிறது. உள்ளே பருப்பு சுருங்குகிறது, தோல் தளர்ந்து விடுபடுகிறது. தோல் நீங்கி இரண்டாக உடைந்த பருப்பில் பயறு வண்டு முட்டையிடுவது மிகவும் குறைவு, அதற்கு உருண்ட முழுப்பயறுதான் பிடிக்கும். வருஷத்துக்கு வைக்க நினைப்பவர்கள் முழுத் துவரையாக வைக்காமல் பருப்பாக்கி வைப்பதன் காரணம் இதுதான்.

ஒரு தடவைக்குப் பத்து கிலோவுக்கு மேல் எடுக்காதே. கல், தூசி, சொத்தை நீக்கி, நிறையத் தண்ணீரில் ஊறப்போடு. மிதப்பதெல்லாம் ஓட்டை விழுந்தது, அரித்து எடுத்துவிடு. மாலையில் போட்டால் விடிகாலையில் வடித்துவிட வேண்டும். பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் முளை கிளம்பப் பார்க்கும், புளித்த வாடையும் வரும், அந்த வாடை சாம்பார் வரை வரும். வடித்த துவரைக்கு அரை கிலோ செம்மண் போதும். மண்ணைப் பொடித்து மெல்லிய சல்லடையில் சலித்து, தண்ணீர் விட்டுக் குழம்பாகக் கரைத்துப் பிசறு. ஒவ்வொரு மணியும் சிவப்பாக வேண்டும், உருண்டை கட்டக் கூடாது. களிமண் வேண்டாம், காய்ந்தால் கெட்டியாகி உரிக்க வராது. சாலையோரத்து மண்ணும் கூடாது. கோலத்துக்கு விற்கும் காவிப்பொடியில் சாயம் இருக்கலாம், அதைத் தொடவே தொடாதே. பிசறியதைக் குவித்து ஈரச்சாக்கால் மூடி ஒரு இரவு வை. மண்ணின் ஈரம் எல்லா மணிக்கும் சமமாகப் பரவ இந்த இரவு வேண்டும். அவசரப்பட்டு இதை விட்டுவிட்டால் பாதி உடையும், பாதி தோலோடு நிற்கும்.

மறுநாளிலிருந்து இரண்டு முதல் நான்கு நாள் வெயில். மாலையில் அள்ளி உள்ளே வைத்துவிடு, பனியில் விட்டால் பகலில் காய்ந்தது வீண். மேகம் போடும் வாரத்தில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. ஊறிய பயறு ஒன்றரை நாள் காயாமல் கிடந்தால் நூல் விட்டுவிடும், பிறகு அதைக் காப்பாற்ற வழியில்லை. மாசி, பங்குனி வெயில்தான் இதற்கு ஏற்றது. ஒரு பிடியை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார். தோல் தானாகக் கழன்று வந்தால் பதம். மண்ணைச் சலித்துவிட்டு ஒரு இரவு ஆறவைத்து, மறுநாள் திருகையிலோ பருப்பு உடைக்கும் மில்லிலோ கொடுக்கலாம். பிறகு சுளகில் புடைத்துத் தோலைப் பிரி. பத்து கிலோ துவரையில் ஆறரை முதல் ஏழு கிலோ பருப்பு வரும். அதோடு குருணையும் தோலும் கிடைக்கும். குருணை அடைக்கு ஆகும், தோல் மாட்டுக்குப் போகும். மண் கட்டிய பருப்பு வேகக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். அதற்காகக் குறை சொல்ல மாட்டேன், அந்த வாசனைக்கு அந்த நேரத்தைக் கொடுக்கலாம்.

எவ்வளவு வாங்க வேண்டும் என்பதை ஊகிக்காதே. உங்கள் வீட்டில் வாரம் நான்கு நாள் சாம்பார், தடவைக்கு 150 கிராம் என்றால் வாரத்துக்கு 600 கிராம், வருஷத்துக்கு 31 கிலோ பருப்பு. அதற்கு 45 முதல் 48 கிலோ துவரை வேண்டும், ஆக ஐம்பது கிலோ மூட்டை ஒன்று போதும். முதல் வருஷம் அதில் பாதி போதும் என்பேன். கைப்பழக்கம் வரும் முன் முழு வருஷத்தையும் பணயம் வைக்க வேண்டாம்.

பாசிப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை போன்றவற்றை முழுதாகத்தான் வைப்போம். இவற்றில் தட்டைப்பயறுதான் வண்டுக்கு மிகவும் பிரியமானது. வெயில் அடுப்பு முடிந்து ஆறியதும் கிலோவுக்கு 5 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டி, விளக்கெண்ணெயோ கடலை எண்ணெயோ விட்டு, மணிக்கு மணி மெல்லிய பூச்சாகப் படும்வரை கையால் பிசறு. முட்டை மூச்சுவிட முடியாமல் செத்துவிடும். எண்ணெய் அதிகமானால் சிக்கு வாடை அடிக்கும். செம்மண் கட்டப்போகும் துவரைக்கு மட்டும் எண்ணெய் தடவாதே, தண்ணீர் உள்ளே இறங்காது.

அரிசிக்கு வெயில் கூடாது. தீட்டிய அரிசி வெயிலில் விரிசல் விட்டு, வடிக்கும்போது நொறுங்கிக் கஞ்சியாகிவிடும். நிழலில், மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் உலர்த்தினால் போதும். புழு முட்டையைக் கொல்ல ஃப்ரீசர் இருக்கிறது. நல்ல பையில் கட்டி ஒரு வாரம் உறையவிடு. எடுத்ததும் பையைப் பிரிக்காதே. அறைச் சூட்டுக்கு வரும்வரை, குறைந்தது ஒரு நாள், அப்படியே இருக்கட்டும், முன்னாலேயே பிரித்தால் குளிர்ந்த அரிசிமேல் நீர் கோத்துவிடும். ஒரு கதவு ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று கிலோதான் கொள்ளும் என்பதால் ஒரு வருஷ அரிசிக்கு இது நடக்காத காரியம். அரிசியை மூன்று மாசத்துக்கு மேல் சேர்க்காதே என்பது என் கருத்து. வருஷத்துக்கு வேண்டுமென்றால் நெல்லாக வாங்கி, வேண்டும்போது அரைத்துக்கொள். உமிதான் நெல்லுக்குக் கவசம். நெல்லைத் தின்னும் அந்துப்பூச்சியும் குவியலின் மேல்மட்டத்தைத் தாண்டி ஆழமாக இறங்காது.

டிரம் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். உணவுக்கென்று செய்த டிரம், மூடியில் ரப்பர் வளையம். பெயின்ட், மருந்து வந்த பழைய டிரம் எவ்வளவு கழுவினாலும் ஆகாது. கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மூடிக் கவிழ்த்துப் பார், கசிந்தால் காற்றும் போகும். நன்கு உலர்த்திய பிறகு தானியத்தை வாய்வரை நிரப்பு. உள்ளே மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு வண்டுகளே இருக்கும் ஆக்ஸிஜனைத் தீர்த்து மூச்சுமுட்டிச் சாகும். பாதி காலியான டிரம்மில் அது நடக்காது. அதனால் ஒரே பெரிய டிரம்மைவிட இரண்டு மூன்று நடுத்தர டிரம் நல்லது. ஒன்றைத் திறந்து புழங்கும்போது மற்றவை அடைபட்டே இருக்கும். சூடம் கொளுத்தி மூடுவது, மெழுகுவத்தி ஏற்றி மூடுவது எல்லாம் பலன் தராது. ஆக்ஸிஜன் கொஞ்சம் குறைந்ததுமே தீ அணைந்துவிடும், ஆக்ஸிஜன் அதற்கும் கீழே போனால்தான் வண்டு சாகும். டிரம்மைச் சிமென்ட் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வை.

வேப்பிலை, நொச்சி இலை போடலாமா என்றால் போடலாம், நிழலில் சருகாகக் காய்ந்ததை மட்டும். பச்சை இலை டிரம்முக்குள் ஈரத்தைக் கொண்டுபோகும். வசம்புப் பொடி விதைக்கு வைத்திருப்பதற்கு மட்டும், சமைக்கும் தானியத்தில் வேண்டாம். அரிசிக்கு போரிக் பவுடர் கலக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடு. ‘வண்டு மாத்திரை’ என்று தரும் அலுமினியம் பாஸ்பைடு வீட்டு வாசலையே தாண்டக் கூடாது. ஈரக்காற்று பட்டதும் அது விடும் வாயு மூடிய அறையில் தூங்குபவரைக் கொல்லும். அந்த விஷத்துக்கு முறிவு மருந்தே கிடையாது. பிள்ளைகள் இருக்கும் வீடு, மலர். யார் எவ்வளவு நல்லெண்ணத்தோடு கொடுத்தாலும் வாங்காதே.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை, புழங்கும் டிரம்மில் முழங்கைவரை கையை விட்டுப் பார். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தால் வண்டோ பூசணமோ வேலை செய்கிறது. பயறில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைப் புள்ளிகள் முட்டைகள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வடிவமைத்த குழாய்ப் பொறி கிடைத்தால் ஒன்று வாங்கிச் செருகி வை. துளை போட்ட குழாய், அடியில் ஒரு கிண்ணம், காற்றைத் தேடி வரும் வண்டு அதில் விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் முன்பே அது காட்டிக்கொடுக்கும். வண்டு வந்திருந்தால் மாடியில் வைத்துச் சலி, சேமிப்பு அறையில் சலிக்காதே. சலித்ததைக் கோழிக்குப் போடு, இல்லையென்றால் சோப்புத் தண்ணீரில் கொட்டு. பூசணம் பிடித்ததை மட்டும் கோழிக்கும் போடாதே. அந்த நஞ்சு வேகவைத்தாலும் போகாது.

மற்றவை சுருக்கமாக. மிளகாய் குலுக்கினால் விதை கலகலக்கும்வரை காயவேண்டும். காம்போடு, வெளிச்சம் படாத டின்னில் வை. காம்பைக் கிள்ளினால் பூச்சிக்கு வழி திறந்துவிடுகிறாய். புளியைக் கொட்டையும் நாரும் எடுத்து, பத்து கிலோவுக்கு ஒரு கிலோ கல்லுப்பு தூவி அடுக்கடுக்காக அழுத்தி, மண்பானையிலோ பீங்கான் ஜாடியிலோ வை. அலுமினியமும் இரும்பும் புளியால் அரிக்கும். சாமை, வரகை உமி நீக்காமல் வாங்கு. நீக்கியது இரண்டு மாசத்தில் சிக்கு வாடை அடிக்கும், கம்பு மாவோ ஒரு வாரம்கூடத் தாங்காது. எந்த மாவையும் ரவையையும் மொத்தமாகச் சேர்க்காதே.

மார்கழிக் கடைசியில் டிரம்களைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்துவிடு. கறுப்பு விரிப்பும் தெளிந்த தாளும் மூட்டை வருவதற்கு முன் வீட்டில் இருக்கட்டும். களத்தில் வாங்கும்போது நூறு மணியை எண்ணி எடுத்து ஓட்டையையும் வெள்ளைப் புள்ளியையும் பார். ஐந்துக்கு மேல் இருந்தால் வேறு களத்துக்குப் போ.

அன்புடன்,
அக்கா