சைக்கிள் பயணத் துணை வேன் ஓட்டுநருக்கும் உறக்கம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறையை ஒட்டி நெடுந்தூரச் சைக்கிள் பயணங்களுக்கு ஆள் சேர்ப்போரும் சேர்வோரும் கவனிக்க வேண்டிய ஒன்றைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன். கடந்த ஜனவரியில் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கன்னியாகுமரிக்கு, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தூரத்தை 8 நாளில் கடந்த 22 பேரில் நானும் ஒருவன். எங்களுக்குத் துணையாக வேன் ஓட்டுநர், சைக்கிள் மெக்கானிக், சமையல்காரர் என மூவரே வந்தனர்.

அவர்கள் இல்லாமல் எங்களில் பாதிப் பேர் ஊர் போய்ச் சேர்ந்திருக்க மாட்டோம். இராமநாதபுரம் மாவட்டத்தில் சாலையோரமெங்கும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அதன் முள்ளால் ஒரே காலையில் ஐந்து சைக்கிள்கள் பஞ்சராகி நின்றன. நான் அவசரமாகப் புது டியூபை மாட்ட முனைந்தபோது மெக்கானிக் தடுத்து, டயரின் உட்புறத்தைப் பழந்துணியால் மெல்லத் துடைத்துக்கொண்டே வந்தார். துணி சிக்கிய இடத்தில், கண்ணுக்குத் தெரியாமல் ஒடிந்து பதிந்திருந்த முள்முனையைக் குறட்டால் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். அவர் பார்த்திராவிட்டால் புது டியூபும் சிறிது தூரத்திலேயே போயிருக்கும்.

அன்று பிற்பகல் ஏர்வாடியைத் தாண்டிச் சாயல்குடி நோக்கிச் செல்கையில், சொன்ன இடத்தில் வேன் இல்லை. தண்ணீர் தீர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் நின்றதில், சிலர் ஓட்டுநரை வாய்க்கு வந்தபடி ஏசினர், நானும் ஏசினேன். கண் செருகியதால் வண்டியைப் பனைமரங்களுக்கு அருகே ஓரங்கட்டிப் படுத்துவிட்டதாக அவர் வந்து சொன்னார். முந்தைய இரவு எங்களுக்காகக் காய்கறி வாங்கி, பாத்திரம் கழுவ உதவி, 12 மணிக்குப் படுத்தவரை, தேநீர் அடுப்பு மூட்ட 3 மணிக்கு எழுப்பியிருக்கிறார்கள். தூக்கக் கலக்கத்தோடு அவர் ஓட்டி வந்திருந்தால், அந்த வண்டிக்கு முன்னால் சாலையில் இருந்தவர்கள் நாங்கள்தாம்.

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், பொதுவாக ஓட்டுநருக்கு நாளொன்றுக்கு 8 மணி நேர வேலையும், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் இடையில் அரைமணி ஓய்வும் விதித்தது. ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் வாடகை வேனுக்கு அது பொருந்தாமல் போயிருக்கலாம். ஆனால் உறக்கத்தின் தேவை ஆள் கணக்கைப் பார்த்து மாறுவதில்லை.

ஆகவே, ஓட்டுநரை ஓட்டுவதற்கு மட்டுமே வைத்துக்கொண்டு, மாற்று ஓட்டுநர் ஒருவரையும் ஏற்பாட்டாளர்கள் அழைத்துவர வேண்டும். வேன் எங்கள் பின்னால் ஊர்ந்து வராமல், 15 அல்லது 20 கிலோமீட்டர் முன்னே சென்று சாலையை விட்டு இறங்கி நிற்கட்டும். இடைப்பட்ட தூரத்துக்கான தண்ணீரையும் ஒரு மாற்று டியூபையும் அவரவர் சுமக்கலாம், பஞ்சர் பார்க்கவும் பழகிக்கொள்ளலாம். தட்டைக் கழுவுவதற்கும் நமக்குக் கையிருக்கிறது. எங்கள் பயணத்தில் 22 பேருக்கும் எடுத்த விபத்துக் காப்பீட்டில் உதவிக்கு வந்த மூவரின் பெயர் இல்லை என்பது திரும்பிய பிறகே எனக்குத் தெரிந்தது. அவர்களையும் சேர்ப்பதற்கான செலவும் மாற்று ஓட்டுநரின் கூலியும் கட்டணத்தில் கூடினால், அதை மறுக்காமல் கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். வரும் ஜனவரிப் பயணத்துக்குப் பெயர் கொடுப்போரும் பணம் கட்டும் முன்பே இவ்விரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தாம்பரம்