பாப்பாவுக்கு, பேபி ஜேன் பற்றி

அன்புள்ள பாப்பா,

"ராத்திரி தனியா உட்கார்ந்து அந்தக் கறுப்பு வெள்ளை பயங்கரப் படங்களை எதுக்கும்மா பாக்குற? தூக்கம் வருமா?" என்று போன வாரம் கேட்டாய். பதில் சொல்வதற்குள் குழந்தை எழுந்துவிட்டாள். எனக்கும் இதை அவசரமாகச் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. அதனால்தான் கடிதம்.

முதலில் ஒன்று, அவை பேய்ப் படங்கள் இல்லை. ஒரு பெரிய பழைய வீடு, திறக்காத ஜன்னல்கள், உள்ளே ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். எப்போதோ நடந்த ஒரு காரியத்தை அந்த வீடு இன்னும் மறக்கவில்லை. பயம் வெளியிலிருந்து வருவதில்லை, அவள் மனதுக்குள்ளிருந்தே கிளம்புகிறது. என் வயதுப் பெண்ணைத் திரையின் நடுவில் நிறுத்தி, இரண்டு மணி நேரம் அவளையே பார்க்க வைக்கிற படங்கள் எத்தனை இருக்கின்றன சொல்? சமையலறைப் பக்கம் போகிற வழியில் தலை காட்டிவிட்டு மறைகிற அம்மாவாக இல்லை. ஆசையும் கோபமும் பொறாமையும் உள்ள முழு மனுஷியாக. அதற்காகத்தான் பார்க்கிறேன்.

அந்தக் காலத்து ஹாலிவுட் கணக்கு எப்படி இருந்தது என்று தெரிந்தால் இந்தப் படங்களின் அருமை உனக்குப் புரியும். 1959-இல் ஹிட்ச்காக்கின் 'நார்த் பை நார்த்வெஸ்ட்' வந்தபோது கேரி கிராண்ட்டுக்கு 55 வயது. கதாநாயகி அவரைவிட 20 வயது சின்னவர். படத்தில் கிராண்ட்டுக்கு அம்மாவாக நடித்த ஜெஸ்ஸி ராய்ஸ் லாண்டிஸ் அவரைவிட ஏழு வயதுதான் பெரியவர்! அதே வயதில் ஆண் காதலன், பெண் அவனுக்கு அம்மா. கேரி கிராண்ட் நடிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் இந்த விஷயம் தெரிந்த பிறகு அந்தப் படத்தை முன்போல ரசிக்க முடியவில்லை.

பழைய மாளிகைக் கதைகள் அதற்கு முன்பும் இருந்தன. 1940-இல் 'ரெபெக்கா', 1944-இல் 'காஸ்லைட்'. இரண்டுமே நல்ல படங்கள். 'காஸ்லைட்'டில் கணவன் கொஞ்சம் கொஞ்சமாக மனைவியைப் பைத்தியம் என்று நம்ப வைப்பான். அவளே தன் கண்ணைச் சந்தேகிக்கும் நிலைக்கு வந்துவிடுவாள். இங்க்ரிட் பெர்க்மனுக்கு அதற்காக ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் அந்தக் கதைகளில் பயப்படுகிறவள் எப்போதும் இளம் மனைவி. 'ரெபெக்கா'வில் புது மனைவியாக வந்த ஜோன் ஃபான்டெய்னுக்கு அப்போது 22 வயது. நாற்பதைத் தாண்டிய ஜூடித் ஆண்டர்சன் என்ன செய்தார்? கறுப்பு உடையில் சத்தமில்லாமல் கதவருகே வந்து நின்று அந்தப் பெண்ணை மிரட்டும் வீட்டு நிர்வாகி. வயதானவள் பயமுறுத்தலாம், கதை மட்டும் அவளுடையதாக இருக்காது.

அதை முதலில் புரட்டிப் போட்டது பில்லி வைல்டரின் 'சன்செட் பூலவார்ட்', 1950. பேசாப் பட காலத்தில் கொடிகட்டிப் பறந்த நார்மா டெஸ்மண்ட், ஐம்பது வயதில், லாஸ் ஏஞ்சலஸில் பாழடைந்துகொண்டிருக்கும் தன் மாளிகையில், உலகம் இன்னும் தனக்காகக் காத்திருக்கிறது என்று நம்பி வாழ்கிறாள். நடித்தவர் குளோரியா ஸ்வான்சன். அவரே பேசாப் படங்களின் பெரிய நட்சத்திரம், அப்போது அவருக்கும் ஐம்பது. வீட்டுத் திரையில் நார்மா தன் பழைய படத்தைப் போட்டுப் பார்க்கும் இடம் வரும். அங்கே ஓடுவது ஸ்வான்சனே இளமையில் நடித்த 'குயீன் கெல்லி'. அதை இயக்கிய எரிக் வான் ஸ்ட்ரோஹைம்தான் இங்கே நார்மாவின் வேலைக்காரராக நின்று படத்தை ஓட்டிக் காட்டுகிறார். எது நடிப்பு, எது அவர்கள் வாழ்க்கை என்று பிரிக்கவே முடியாது. அந்த ஒளிக்கற்றைக்குள் ஸ்வான்சன் எழுந்து நிற்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கும்.

சரி, உன்னை நான் பார்க்க வைக்க நினைக்கிற படத்துக்கு வருகிறேன். 'வாட் எவர் ஹேப்பண்ட் டு பேபி ஜேன்?', 1962. இயக்குநர் ராபர்ட் ஆல்ட்ரிச். ஜேனாக பெட்டி டேவிஸ், அவள் சகோதரி பிளாஞ்சாக ஜோன் கிராஃபோர்ட். ஜேன் சிறுமியாக இருந்தபோது மேடையில் பாடி ஆடிப் புகழ் பெற்றவள். அவள் உருவத்தில் பொம்மை செய்து அரங்க வாசலில் விற்பார்கள். வளர்ந்த பிறகு ஜேனை யாரும் சீந்தவில்லை. சகோதரி பிளாஞ்ச்தான் பெரிய சினிமா நட்சத்திரம் ஆகிறாள். அப்புறம் ஒரு கார் விபத்து. பிளாஞ்ச் சக்கர நாற்காலியில் மாடி அறையில், ஜேன் அவளுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுப்பவளாகக் கீழே. இப்படியே பல வருடம். அந்தச் சோற்றுத் தட்டை மூடியிருக்கும் மூடியைத் திறக்கவே நாம் பயப்பட ஆரம்பித்துவிடுவோம். ஏன் என்று நீயே பார்.

டேவிஸ் ஏற்கெனவே இரண்டு ஆஸ்கர் வாங்கியவர். கிராஃபோர்டிடம் ஒன்று இருந்தது. இருந்தும் இந்தப் படத்துக்குப் பணம் போடத் தயங்கினார்கள். அந்த இரண்டு கிழவிகளுக்கு ஒரு காசுகூடத் தர மாட்டோம் என்று முதலாளிகள் சொன்னதாக டேவிஸே பிறகு தொலைக்காட்சியில் சொன்னார். குறைந்த செலவில், வேகமாகத்தான் எடுத்து முடித்தார்கள். படம் வெளிவருவதற்குச் சற்று முன், 54 வயதில், டேவிஸ் சினிமாத் தொழில் பத்திரிகையில் வேலை கேட்டு ஒரு விளம்பரம் கொடுத்தார். மூன்று பிள்ளைகளின் தாய், விவாகரத்தானவர், முப்பது வருடத் திரை அனுபவம், ஹாலிவுட்டில் நிலையான வேலை வேண்டும் என்று. வேடிக்கைக்காகக் கொடுத்ததாகப் பிறகு சொன்னார். நான் அதை வெறும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. படத்தில் ஜேனும் ஒரு விளம்பரம் கொடுப்பாள். பழைய பாட்டுகளை மறுபடி மேடையேற்ற ஒரு பியானோ வாசிப்பவர் தேவை என்று. பத்திரிகை அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தன்னை அடையாளம் தெரிகிறதா என்று அவள் முகங்களைப் பார்ப்பாளே, அந்த இடத்தை இரண்டு விளம்பரங்களையும் மனதில் வைத்துக்கொண்டு பார்.

ஜேனின் ஒப்பனை டேவிஸே போட்டுக்கொண்டது. இந்தப் பெண் முகம் கழுவ மாட்டாள், நேற்றைய பவுடர் மேலேயே இன்றைய பவுடரையும் பூசிக்கொள்வாள் என்பது அவருடைய யோசனை. சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஒரு முகம், அதில் உதட்டுச் சாயம், சின்னப் பெண்ணின் சுருள் முடி. அழகாகத் தெரிவதே பிழைப்பு என்றிருந்த ஊரில், ஒரு நடிகை தானே கண்ணாடி முன் உட்கார்ந்து இதைச் செய்துகொண்டிருக்கிறார். எவ்வளவு துணிச்சல் வேண்டும்! ஒளிப்பதிவாளர் எர்னஸ்ட் ஹாலர். 1938-இல் 'ஜெஸபெல்'லில் டேவிஸையும், 1945-இல் 'மில்ட்ரெட் பியர்ஸ்'ஸில் கிராஃபோர்டையும் தேவதை போலக் காட்டியது இவர்தான். இந்த இரண்டு முகங்களையும் எந்த விளக்கு காப்பாற்றும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இங்கே காப்பாற்றவில்லை. ஒவ்வொரு சுருக்கமும் தெரியும்படி ஒளி விழுகிறது.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன், கதை கெடாது. ஜேன் தன் பழைய அறையில் தனியாக நிற்கிறாள். சிறு வயதில் மேடையில் பாடிய பாட்டு, செத்துப்போன அப்பாவுக்குக் கடிதம் எழுதுவதாக வரும் பாட்டு. அதை அதே குழந்தைக் குரலில், அதே கையசைவுகளோடு பாடுகிறாள். குரல் உடைகிறது, அவளுக்கு அது கேட்கவில்லை. அந்த நேரம் அவள் உண்மையிலேயே பத்து வயதுக் குழந்தை. அப்படியே விளக்கடிக்கு வந்து எதிரே கண்ணாடியைப் பார்க்கிறாள். முகம் தெரிகிறது. வீறிட்டு முகத்தை மூடிக்கொள்கிறாள். அந்தக் கணத்தில் டேவிஸ் முகத்தில் வருவது பைத்தியம் இல்லை பாப்பா, தெளிவு. ஒரே ஒரு நொடி முழுத் தெளிவு. அதைத் தாங்க முடியாமல்தான் அவள் மறுபடி பைத்தியத்துக்குள் ஓடிப்போகிறாள். சின்ன வயது நடிகை யாராலும் இதைச் செய்ய முடியாது. இழந்தது என்ன என்று தெரிந்த முகம் வேண்டும் அதற்கு.

டேவிஸைப் புகழ்கிறவர்கள் கிராஃபோர்டை விட்டுவிடுகிறார்கள், அது நியாயமில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி, கண்ணாலும் கையாலும் மட்டும் நடிக்க வேண்டிய வேடம் அவருடையது. ஜேன் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து, கீழே இருக்கும் டெலிபோனை எட்டுவதற்காக, மாடிப்படிக் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு காலை இழுத்து இழுத்து இறங்குவாரே, அங்கே நான் மூச்சே விடுவதில்லை.

இந்த இருவரைப் பற்றிப் பேசினாலே அவர்களுடைய சண்டையைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். 1963-இல் ஆஸ்கர் விழாவில் டேவிஸ் தோற்றதும், ஜெயித்த ஆன் பான்கிராஃப்டுக்குப் பதிலாக கிராஃபோர்ட் மேடையேறி வாங்கியதும் உண்மைதான். ஆனால் இரண்டு பெரிய ஆண் நடிகர்கள் மோதிக்கொண்டால் அதைத் தொழில் போட்டி என்பார்கள், பெண்கள் என்றால் குழாயடிச் சண்டை ஆக்கிவிடுவார்கள். நீ அந்தக் கதைகளில் நேரத்தைச் செலவழிக்காதே.

அடுத்தது 'ஹஷ்... ஹஷ், ஸ்வீட் சார்லட்', 1964. மறுபடியும் ஆல்ட்ரிச், மறுபடியும் டேவிஸ். கிராஃபோர்ட் உடல்நலம் கெட்டு விலகியதால் ஒலிவியா டி ஹாவிலண்ட் வந்தார். 'ரெபெக்கா'வில் மிரண்டு நின்ற இளம் மனைவி என்றேனே, அந்த ஜோன் ஃபான்டெய்னின் அக்காதான் இவர். தங்கை 22 வயதில் மாளிகைக்குள் பயந்துகொண்டே நுழைந்தார். அக்கா 48 வயதில், எதற்கும் அசையாதவராக, இன்னொரு மாளிகைக்குள் நுழைகிறார். லூசியானாவில் உள்ள ஹூமாஸ் ஹவுஸ் என்ற உண்மையான மாளிகையில் வெளிப்புறக் காட்சிகளை எடுத்தார்கள். காதலனைக் கொன்றவள் என்று ஊர் முழுக்க நம்பும் சார்லட், சாலை போடுவதற்காக வீட்டை இடிக்க வருபவர்களைத் துப்பாக்கியோடு விரட்டுகிறாள். "அவளுக்குப் பைத்தியம்" என்ற ஒரு வார்த்தை எத்தனை பேருக்கு வசதியாக இருக்கிறது என்பதைத்தான் இந்தப் படம் நிதானமாகப் பிரித்துக் காட்டுகிறது. அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கும் ஒரே ஆள் வேலைக்காரி வெல்மா. நடித்தவர் ஆக்னஸ் மூர்ஹெட். இந்தப் படத்துக்குக் கிடைத்த ஏழு ஆஸ்கர் பரிந்துரைகளில் ஒன்று அவருக்கு. மேரி ஆஸ்டர் சில நிமிடங்களே வருகிறார், அதுதான் அவருடைய கடைசிப் படம். ஐந்து நிமிடத்தில் ஒரு பெண்ணின் முழு வாழ்க்கையையும் சொல்லிவிட்டுப் போகிறார்.

எல்லாவற்றையும் நான் கொண்டாடவில்லை. 'பேபி ஜேன்' ஓடியதும், வயதான நடிகை கையில் ஒரு கோடாலியைக் கொடுத்தால் போதும் என்று கிளம்பிவிட்டார்கள். 1964-இல் வில்லியம் காசில் எடுத்த 'ஸ்ட்ரெய்ட் ஜாக்கெட்'டுக்கு வந்தவர்களுக்கு அட்டைக் கோடாலியே கொடுத்தார்களாம். இருபது வருடம் மனநல விடுதியில் இருந்துவிட்டு மகள் வீட்டுக்கு வரும் அம்மா கிராஃபோர்ட். படம் சுமார்தான். ஆனால் மகள் அம்மாவைப் பழையபடி இளமையாகத் தெரிய வேண்டுமென்று உடையும் தலைமுடியும் மாற்றிவிட, அந்த அம்மா மகளைச் சந்தோஷப்படுத்தவேண்டுமே என்று அதற்கு உடன்படுவதை கிராஃபோர்ட் செய்திருக்கும் விதம் மனதைப் பிசைகிறது. அதற்குப் பிறகு வந்த பலவற்றில் கேமரா சுருக்கத்தைப் பார்த்தே பயப்படச் சொல்கிறது. முதுமைதான் அங்கே பூதம். அந்த மாதிரிப் படம் என்று தெரிந்தால் நான் பத்து நிமிடத்தில் நிறுத்திவிடுவேன், நீயும் நிறுத்திவிடு.

ஆல்ட்ரிச் படங்களில் பயம் சுருக்கத்தில் இல்லை. ஒருத்தியைக் குழந்தையாக இருக்கும்போது தலையில் தூக்கி வைத்து ஆடிவிட்டு, வளர்ந்ததும் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்களே, அதில் இருக்கிறது. ஜேன் செய்வது கொடுமை, மறுக்கவில்லை. ஆனாலும் அவள் அழும்போது எனக்கு அவள்மேல் கோபம் வருவதில்லை. அறுபதைத் தாண்டிய பிறகு என்னிடம் எல்லோரும் முழங்கால் வலியைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் என்ன ஆசை மிச்சம் இருக்கிறது, எதன்மேல் கோபம் என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. அந்தக் கேள்வியை இந்தப் படங்கள் கேட்கின்றன. பார்த்து முடித்ததும் எனக்குப் பயத்தைவிட ஒரு தெம்புதான் வருகிறது. நன்றாகத் தூங்குகிறேன், கவலைப்படாதே.

'தி நானி' என்று 1965-இல் இங்கிலாந்தில் ஹேமர் நிறுவனம் எடுத்த ஒரு படம் இருக்கிறது. அதிலும் டேவிஸ்தான். கூச்சல் இல்லை, பவுடர் இல்லை. சாம்பல் நிறச் சீருடையில் அடங்கிய குரலில் பேசும் ஆயா. அந்த வீட்டுப் பத்து வயதுப் பையன் மட்டும் அவர் கையால் சாப்பிட மாட்டேன் என்கிறான். பாப்பா, அதை நீ தனியாகப் பார்க்காதே. நீ லீவுக்கு வரும்போது சேர்ந்து பார்ப்போம், உன் முகம் மாறுவதை நான் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

இப்போதைக்கு 'பேபி ஜேன்' போதும். இரண்டே கால் மணி நேரம் ஓடும். குழந்தை தூங்கிய பிறகு ஆரம்பி, நடுவில் நிறுத்தாதே, முக்கியமாகக் கடைசிக் கடற்கரைக் காட்சியில் போனை எடுக்காதே. பார்த்து முடித்துவிட்டு, ஜேன், பிளாஞ்ச் இருவரில் நீ யார் பக்கம் நின்றாய், எந்த இடத்தில் பக்கம் மாறினாய் என்று எனக்கு எழுது. மாப்பிள்ளையும் கூட உட்கார்ந்தால் அவரிடமும் கேள்.

அன்புடன்,
அம்மா