சதாபிஷேகப் படங்களை லேபுக்குக் கொடுக்கும் முன்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. திருக்கடையூரில் அப்பா அம்மாவின் சதாபிஷேகம் நல்லபடியாக நடந்ததைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. சின்னவளுக்குப் பரீட்சை, அதனால்தான் எங்களால் கிளம்ப முடியவில்லை. நன்றாக எழுதியிருக்கிறாள். என் மனைவிக்கும் முழங்கால் வலி இப்போது தேவலை.

படங்களை எல்லாம் பார்த்தேன். சல்லடை வழியாகக் கலசத் தண்ணீர் விழும்போது அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சிரிக்கிறார்களே, அதைப் பெரிதாகப் போட்டு மாட்டியே ஆக வேண்டும். ஆனால் நீ எழுதியிருப்பதுபோல எல்லாவற்றையும் பென் டிரைவில் அள்ளிப் போட்டு லேபில் கொடுத்துவிட்டு வராதே. எங்கே வெட்டுவது, எவ்வளவு வெளிச்சம் என்பதை நீ முடிவு செய்யாவிட்டால் அங்கே மெஷின் முடிவு செய்துவிடும். அதற்கு உங்கள் வீட்டு மனிதர்களைத் தெரியாது.

முக்கியமானது அளவு. போனில் எடுத்த படத்தின் நீள அகல விகிதம் பெரும்பாலும் 4:3. உன் தம்பி மகன் கேமராவில் எடுத்தது 3:2. 4×6 அங்குலப் பேப்பர் கேமராப் படத்துக்கு அப்படியே பொருந்தும். போன் படத்தில் மேலும் கீழுமாகச் சேர்த்து அரை அங்குலம் போய்விடும். நிற்பவர்களின் தலையோ உட்கார்ந்திருப்பவர்களின் காலோ அடிபடும். 8×10 கேட்டால் இன்னும் மோசம். கேமராப் படம் முழுசாக வர 8×12 வேண்டும், 8×10இல் இரண்டு பக்கமும் ஒவ்வோர் அங்குலம் வெட்டுப்படும். குடும்பப் படத்தில் இடது ஓரத்தில் நிற்கும் பெரியத்தை பாதியாகிவிடுவார்கள். இந்த வயதில் அத்தனை தூரம் பஸ்ஸில் வந்தவர்களை நாம் வெட்டலாமா? அதை 8×12ஆகவே போடு. மற்றதை நீயே அந்தந்த அளவுக்கு கிராப் செய்து கொடு. பார்டர் இல்லாமல் போட்டால் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் போகும், அதற்கும் இடம் விட்டு வெட்டு.

குடும்ப குரூப்பில் வந்த படங்களை அப்படியே பிரிண்டுக்குக் கொடுக்காதே. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்துக்கொண்டால் 8×12க்கு 3600×2400 புள்ளி வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் 1600 அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. 4×6க்குத் தாங்கும், அதற்கு மேல் போனால் முகம் மெழுகு பூசின மாதிரி ஆகிவிடும். எடுத்தவர்களிடமே டாக்குமெண்டாக அனுப்பச் சொல். ஐபோன்காரர்கள் அனுப்புவது எச்.இ.ஐ.சி. ஃபைலாக இருந்தால் ஜேபெக்காக மாற்றிக்கொள்.

அப்புறம் கலர். பல லேபுகளில் நெகட்டிவ் வழியாக ஒளி பாய்ச்சுவதற்குப் பதிலாக லேசர் வந்திருக்கிறதே தவிர, அதே போட்டோ பேப்பர், அதே கெமிக்கல்தான். ஆபரேட்டர் திரையில் படங்கள் வரிசையாக வரும். சயான் (பச்சை கலந்த நீலம்), மஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், டென்சிட்டி (படத்தின் அடர்த்தி) என்று பட்டனைத் தட்டிக்கொண்டே போவார். ஆட்டோ கரெக்‌ஷன் போட்டிருந்தால் மஞ்சள் தூக்கலாக இருப்பதைக் குறை என்று எடுத்துக்கொண்டு நீலத்தை ஏற்றிவிடும். மஞ்சள் பூசிய முகம், மாலை, மண்டப விளக்கு என்று உன் படங்களில் பாதி மஞ்சள்தான். அம்மா முகம் வெளிறிப்போகும். "கரெக்‌ஷன் வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடு. கேமராவில் அடோபி ஆர்ஜிபி என்ற நிற அமைப்பை வைத்து எடுத்திருந்தால் வழக்கமான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிச் சேமி, இல்லாவிட்டால் பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்பு மங்கலாக வரும்.

அதற்காகப் போனில் கலரை ஏற்றிவிடாதே. அந்தச் சிவப்பு ஏற்கெனவே உச்சியில் நிற்கிறது. இன்னும் ஏற்றினால் மடிப்பு மறைந்து புடவை ஒரே திட்டாகிவிடும். திரை தானே ஒளிர்கிறது, பேப்பர் அப்படி இல்லை. அதனால் பிரிண்ட் சற்று இருட்டாகத்தான் தெரியும். திரையின் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்து வைத்துப் பார்த்து, நிழலை மட்டும் கொஞ்சம் தூக்கு. அப்பாவின் கண்ணும் வேட்டியின் ஜரிகைக் கரையும் தெரிந்தால் போதும்.

பெரிதாகப் போடுவதை எல்லாம் முதலில் 4×6இல் ஒன்று போட்டு வாங்கி, கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பார். திருப்தியாக இருந்தால் அதே ஃபைலைக் கொடு. ஃப்ரேமுக்கு மேட் (பளபளப்பில்லாத) பேப்பர் நல்லது. கிளாஸி என்றால் ஜன்னல் வெளிச்சம் அடிக்கும். படத்தை ஃப்ரேம் கண்ணாடியை ஒட்டி வைத்தால் மழைக்காலத்தில் ஒட்டிக்கொண்டு பிறகு உரிக்கவே வராது. எதுவானாலும் நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்.

இவ்வளவும் வீண் வேலை என்று நினைக்காதே. போன் திரையை விரலால் பெரிதாக்கிப் பார்க்க அப்பாவுக்குப் பொறுமை கிடையாது. கையில் பிரிண்டாகக் கொடுத்தால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் பார்ப்பார்.

பெரியத்தைக்கும் ஒரு பிரதி தபாலில் அனுப்பு, நடுவில் அட்டை வைத்து. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறோம், அப்போது ஆல்பத்தை எடுத்து வை. அப்பா அம்மாவுக்கு எங்கள் நமஸ்காரம்.

அன்புடன்,
உன் பள்ளித் தோழன்