ஆண்டறிக்கை: சேர் முத்து குமாரசுவாமியை வாசித்த ஆண்டு

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

இந்த ஆண்டு நமது வாசகர் வட்டத்தின் கூட்டங்கள் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலங்கைத் தமிழ் அரசியல்வாதியும் மொழிபெயர்ப்பாளருமான சேர் முத்து குமாரசுவாமியைப் பற்றியே நடந்தன. அவருடைய சகோதரியின் பிள்ளைகளான அரசியல் தலைவர்கள் பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் இங்கே எல்லோருக்கும் தெரிந்தவர்கள். மகனான கலை ஆய்வாளர் ஆனந்த குமாரசுவாமியை உலகமே அறியும். இவர்களுக்கெல்லாம் முன்னோடியானவரை நாம் மறந்திருப்பது சரியல்ல என்று செயற்குழு நினைத்தது.

1833இல் அமைந்த இலங்கைச் சட்டநிரூபண சபையில், அதாவது சட்டம் இயற்றும் சபையில், உத்தியோகப்பற்றற்ற (அரசாங்க அதிகாரி அல்லாத) உறுப்பினர் ஆறு பேர். தமிழருக்கு அதில் ஒரே ஆசனம். தேர்தல் கிடையாது, தேசாதிபதிதான் (பிரித்தானிய ஆளுநர்) நியமிப்பார். அந்த ஆசனத்தில் முதலில் இருந்தவர் முத்து குமாரசுவாமியின் தகப்பனார் குமாரசுவாமி முதலியார். 1860களில் மகனும் அங்கே வந்தார். 1879இல் அவர் காலமானதும் சகோதரியின் மகன் இராமநாதன். அப்புறம் இராமநாதனின் அண்ணன் பொ. குமாரசுவாமி. ஒரே குடும்பத்துக்குள் இப்படிச் சுற்றியதை இளம் உறுப்பினர்கள் காரசாரமாக விமர்சித்தார்கள். நியாயமான விமர்சனம்தான். அதே வீட்டுப் பிள்ளையான அருணாசலம் பிற்காலத்தில் மக்கள் பிரதிநிதித்துவம் கேட்டுப் போராடியதையும், 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரானதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் முத்து குமாரசுவாமியின் பெருமை ஆசனத்தோடு முடியவில்லை. 1863இல் இலண்டன் லிங்கன்ஸ் இன் என்ற வழக்கறிஞர் சங்கத்தில் பாரிஸ்டரானார். கிறிஸ்தவரோ யூதரோ அல்லாத ஒருவர் ஆங்கில வழக்கறிஞர் குழாத்தில் சேர்ந்தது அதுவே முதல் தடவை. அதே ஆண்டில் நமது அரிச்சந்திரன் நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து அங்கேயே வெளியிட்டார். சைவரான அவர், பௌத்தரின் பாளி நூல்களான சுத்தநிபாதத்தையும் தாதாவம்சத்தையும்கூட ஆங்கிலத்தில் தந்தார். அவை வெளிவந்த 1874இல்தான் சேர் பட்டமும் கிடைத்தது. அயலவரின் வேதத்தை அவ்வளவு மதித்துப் படித்த அரசியல்வாதி என்பதாலேயே அவர் எனக்குப் பெரியவராகத் தெரிகிறார்.

எலிசபெத் பீபி என்ற ஆங்கிலப் பெண்மணியை மணந்தார். 1879 மே மாதம் கொழும்பில் இறந்தபோது மகன் ஆனந்தனுக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை.

மற்ற வேலைகள் வழக்கம்போல நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். அரிச்சந்திரன் மொழிபெயர்ப்பின் பிரதி ஒன்றை நமது நூலகத்துக்குத் தேடிக்கொண்டிருக்கிறோம். யாரிடமாவது இருந்தால், நகல் எடுக்கவாவது தந்துதவுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்