இடாப்பு எங்கே போகும்?

கொக்ஸ் பஜார்,
ஓகஸ்ட் 2025

அன்பின் கலா,

கனகாலமாக எழுதவில்லை என்று நீ தொடங்க முன்னம் நானே சொல்லிவிடுகிறேன்: நீயும் எழுதவில்லை. காலை வணக்கம் போட்ட ரோசாப்பூப் படங்கள் கடிதக் கணக்கில் வராது. நீ அதிபரான செய்தியே சந்திரா அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சந்தோசம். இனிப் பொன்னுத்துரை சேரின் கதிரையில் இருந்துகொண்டு அவரைப் போலவே கண்ணாடிக்கு மேலால் பார்ப்பாய். பிள்ளைகள் பாவம்.

நான் சுகம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். இங்கே மழை விட்டபாடில்லை, தோய்த்த உடுப்புக் காயாமல் மணக்கிறது. சுகம் விசாரிப்பு இவ்வளவும் போதும்.

போன கிழமை கூட்டமொன்றில் பெரிய சண்டை பிடித்துவிட்டேன். மூலையில் இருந்து மற்றவர்கள் சொல்வதைக் கணினியில் பதிகிற நான்தான். எழும்பி நின்று கத்தினேன் என்றால் நம்புவாயா? அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கூடவே உன்னால் மட்டும் செய்யக்கூடிய ஒரு உதவியும் வேண்டும்.

என் வேலையை நீ ‘எக்செல் ஆட்டுகிறாள்’ என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாய். சரி, அதுதான். மியன்மாரிலிருந்து பங்களாதேஷுக்கு ஓடிவந்த ரோகிங்கியா அகதிகளுக்கு இங்கே 33 முகாம்கள். யார், எங்கே, எப்போதிருந்து, எந்தப் பிள்ளைகளுக்கு, என்ன படிப்பிக்கிறார்கள் என்று ஒவ்வொரு நிறுவனமும் மாதாமாதம் படிவம் நிரப்பி அனுப்பும். நான் எல்லாவற்றையும் ஒன்றாக்கி, பிழை பிடித்து, வரைபடத்தில் ஏற்றுவேன். அது இல்லாவிட்டால் எல்லாரும் வாகனம் போகிற வீதிக்குக் கிட்டவே கற்றல் மையம் போடுவார்கள், குன்றுக்கு அங்கால் இருக்கிற பிள்ளைக்கு ஒன்றும் போய்ச் சேராது. சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் நடந்த கூத்து உனக்கு நினைவிருக்கும். ஒரு பள்ளிக்கூடத்துக்கு மூன்று பேர் புத்தகப்பை கொண்டுவந்தார்கள், பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பென்சில்கூட வரவில்லை. அடுத்த வருடம், 2005இல்தான், ஒரே துறையில் உதவி செய்கிற நிறுவனங்களை ஒன்றாகச் சேர்த்து வேலையைப் பிரிக்கிற இந்தக் கொத்தணி முறையை ஐ.நா. கொண்டுவந்தது. கல்விக் கொத்தணியை உலக மட்டத்தில் யுனிசெப்பும் சேவ் த சில்ரனும் சேர்ந்து நடத்துகின்றன. ஆகவே என் வேலை வீண்வேலை என்று மட்டும் சொல்லாதே.

ஆனால் என்ன எண்ணுகிறோம் என்பதில்தான் எனக்கு வருடக்கணக்கான வயிற்றெரிச்சல். மையம் ஒரு மூங்கில் கொட்டில், தறப்பாள் கூரை. நிரந்தரக் கட்டடம் கட்ட அரசாங்கம் விடுவதில்லை. அதில் காலை ஒரு பிரிவு, பின்னேரம் ஒரு பிரிவு. ஒரு பிரிவுக்கு நாற்பது பேர் இருக்கலாம் என்றால், மையத்தையும் பிரிவையும் நாற்பதையும் பெருக்கி ‘சென்றடைந்த பிள்ளைகள்’ என்று அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கலியாண வீட்டில் ஆளை விட்டுவிட்டு இலையை எண்ணுகிற கணக்கு. சிலருடைய எண்ணிக்கை மாதாமாதம் ஒரு தலைகூட மாறாது. ஒரு பிள்ளையும் காய்ச்சலில் படுக்காத, ஒருத்தியும் பெரியபிள்ளையாகி வீட்டில் நிற்காத, ஒரு குடும்பமும் கொட்டில் மாறாத முகாம்! உண்மையில் பத்துப் பன்னிரண்டு வயதோடு பெண்பிள்ளைகள் வகுப்பிலிருந்து உதிரத் தொடங்குவார்கள். அந்த உதிர்வைத்தான் எண்ணிக்கை காட்ட வேண்டும். பெருக்கல் கணக்கில் அது எங்கே தெரியும்?

ஒருநாள் குன்றுப் பக்கத்து மையம் ஒன்றில் பிள்ளைகளின் பெயர் பதிகிற இடாப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். தகரப் பெட்டிக்குள் பொலித்தீனால் சுற்றி வைத்திருந்தார்கள், அப்படியும் மட்டையில் பூஞ்சணம். காலைப் பிரிவை முன்பக்கத்திலிருந்தும் பின்னேரப் பிரிவைப் பின்பக்கத்திலிருந்தும் ஒரே கொப்பியில் எழுதியிருந்தது. ஒரே வகுப்பில் நான்கு நூர் பாத்திமா. ரீச்சர் அவர்களை இலக்கம் போட்டுப் பிரிக்கவில்லை, பெயருக்குப் பக்கத்தில் ‘குழாய்க்கிணற்றடி’, ‘பள்ளிவாசலடி’, ‘படிக்கட்டடி’ என்று எழுதியிருந்தார். நாலாவது பாத்திமாவுக்குக் கண் சரியில்லை, முன்வரிசையில் இருத்த வேண்டும் என்று ஒரு குறிப்பு. இரண்டு பெடியன்களின் வரிசையில் சிவப்புக் கோடு, ‘வேறு முகாமுக்குப் போய்விட்டார்கள்’ என்று. பிறந்த திகதி என்ற பகுதியில் பாதிப் பேர் ஜனவரி 1. இவ்வளவும் படிவத்துக்கு வரும்போது என்ன ஆகும் தெரியுமா? பெண் 21, ஆண் 19. அவ்வளவுதான்.

இதிலே இன்னொரு ஓட்டையும் உண்டு. ரோகிங்கியா ஆட்களே தங்கள் கொட்டிலுக்குள் நடத்துகிற வகுப்புகள் இருக்கின்றன. 2021 டிசம்பரில் அதிகாரிகள் அந்தப் பள்ளிக்கூடங்களை மூடச் சொன்னார்கள். மூடினதும் உண்டு, சத்தமில்லாமல் நடந்ததும் உண்டு. அவற்றுக்குப் பின்னால் நிறுவனம் இல்லை, ஆகவே படிவமும் இல்லை. என் வரைபடத்தில் அந்த ஒழுங்கை வெள்ளையாக இருக்கும். கொழும்பிலோ ஜெனீவாவிலோ இருந்து பார்க்கிறவர் ‘இங்கே ஒருவரும் படிக்கவில்லை’ என்பார். அதே நேரம் அதை நான் வரைபடத்தில் குறித்தால் அந்த வாத்தியாருக்கு என்ன நடக்கும்? அந்த ஒழுங்கையை வெள்ளையாகவே விட்டிருக்கிறேன்.

இப்போது ஜூன் மாதத்துக்கு வா. காசு வெட்டு. நீ செய்தியில் பார்த்திருப்பாய். ஆயிரக்கணக்கான மையங்களில் வகுப்புகள் இடைநிறுத்தப்பட்டன, ஆயிரத்துக்கு மேற்பட்ட உள்ளூர் ஆசிரியர்களுக்கு வேலை போனது. அவர்கள் முகாம்களுக்குக் கிட்ட, உகியாவில் வீதியை மறித்தார்கள். அந்தக் கிழமை எனக்கு வந்த வேலை, மூடிய மையங்களைச் சிவப்பாக்குவது. ஒரு சூத்திரம் போட்டால் வரைபடம் தானாகச் சிவக்கும். பார்த்துக்கொண்டிருக்கத்தான் எனக்கு அந்தத் தகரப் பெட்டி நினைவுக்கு வந்தது. மையம் மூடினால் இடாப்பு எங்கே போகும்? ரீச்சர் வீட்டுக்குக் கொண்டுபோவாரா, பெட்டியோடு மழையில் கிடக்குமா, அலுவலகத்தை ஒதுக்கும்போது பழைய பேப்பரோடு போகுமா? ஒவ்வொரு நிறுவனத்தையும் கேட்டேன். மேசை, கரும்பலகை, சூரிய மின்தகடு எல்லாவற்றுக்கும் பட்டியல் வைத்திருந்தார்கள். இடாப்புக்கு யாரிடமும் பதில் இல்லை.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், இந்தப் பிள்ளைகளிடம் வேறு தாள் இல்லை. முதலில் மியன்மார்ப் பாடத்திட்டமும் இல்லை, பங்களாதேஷ்ப் பாடத்திட்டத்துக்கு அனுமதியும் இல்லை. ஒரு இடைக்காலத் திட்டத்தில் ‘நிலை 1, நிலை 2’ என்று படித்தார்கள். பிறகு 2020 மார்ச்சிலிருந்து ஒன்றரை வருடம் கொரோனாவில் எல்லாம் பூட்டு. மியன்மார்ப் பாடத்திட்டம் 2021 கடைசியில்தான் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை தொடங்கியது, 2023 ஜூலையில் எல்லா வகுப்புக்கும் வந்தது. அந்தப் பள்ளிக்கூட வருடத் தொடக்கத்தில் மூன்று இலட்சம் பிள்ளைகள் பதிந்தார்கள். அன்றைக்கு நானும் சந்தோசத்தில் அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் அவர்கள் படித்ததற்கு எந்த நாடும் சான்றிதழ் தருவதாயில்லை. நாளைக்கு எங்கேயாவது ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்று ‘நான் ஏழு முடித்தேன்’ என்று சொல்ல, அந்தப் பூஞ்சணம் பிடித்த கொப்பிதான் சாட்சி.

இதையெல்லாம் சொல்லி, ‘பிள்ளைக்குப் பிள்ளை பதிவு வேண்டும், தலை எண்ணிக்கை போதாது’ என்று கூட்டத்துக்குக் கூட்டம் புலம்பினது நான்தான். போன கிழமை ஒரு நிறுவனம் (பெயர் வேண்டாம்) அதையே பிடித்துக்கொண்டு வந்தது. அழகான திட்டம். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர், படம், அகதி அட்டை இலக்கம், தாய் தகப்பன் பெயர், கொட்டில் இருக்கிற இடம். எல்லாம் ஒரே கோப்பில், எல்லாப் பங்காளிகளும் பார்க்கலாம். இரட்டைக் கணக்கு ஒழிந்துவிடும், காசு தருபவர்களுக்குச் சுத்தமான எண் கிடைக்கும். ‘நீங்கள் கேட்டதுதானே?’ என்று என்னைப் பார்த்துச் சிரித்தார் அந்த மனிசன். அந்தச் சிரிப்பில்தான் எழும்பினேன்.

யுத்தத்துக்குள் இருந்து வெளியே வந்து ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பெயர் பதிந்தபோது வரிசையில் நீ என் முழங்கையைப் பிடித்த பிடி எனக்கு இன்னும் தெரியும். எந்தப் பெயரைச் சொல்வது, அண்ணாவைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று இரண்டு பேரும் வாய்க்குள் மனனம் செய்தோம். பட்டியல் என்றால் எங்களுக்கு அடிவயிற்றில் வருகிற அந்தக் கலக்கம், மாநாட்டு மேசையில் இருக்கிறவர்களுக்கு வராது. இங்கே அது வெறும் பயமும் இல்லை. 2021 ஜூனில் ஹியூமன் ரைட்ஸ் வோட்ச் என்கிற மனித உரிமை அமைப்பு வெளியிட்டதை நீ கேள்விப்பட்டாயோ தெரியாது. ஐ.நா. அகதிகள் நிறுவனமான யூ.என்.எச்.சி.ஆர். பங்களாதேஷோடு சேர்ந்து எடுத்த பதிவுகளை பங்களாதேஷ் மியன்மாருக்கு அனுப்பியிருக்கிறது, குறைந்தது 8,30,000 பெயர்கள், கைரேகை முதலானவையோடு. மக்களிடம் சம்மதம் கேட்டதாக யூ.என்.எச்.சி.ஆர். சொன்னது. தங்களுக்கு அப்படி யாரும் விளக்கவில்லை என்று பலர் சொன்னார்கள். எந்த அரசாங்கத்துக்குப் பயந்து ஓடிவந்தார்களோ அதன் கையிலேயே பெயர். இதற்குப் பிறகும், பிள்ளை எந்தக் கொட்டிலில் படுக்கிறது என்பதைக் கல்விக் கோப்பில் எழுதச் சொன்னால் நான் கையைக் கட்டிக்கொண்டிருப்பேனா?

கத்தினேன். தலைவர் தண்ணீர் குடிக்கச் சொன்னார். ‘அப்படியென்றால் என்ன செய்யலாம், எழுதிக் கொண்டு வா’ என்று பத்து நாள் தந்திருக்கிறார்கள்.

இனி உன் உதவி. எங்களை எது காப்பாற்றியது என்று யோசித்துப் பார்த்தேன். நாங்கள் இருந்த மெனிக்பாம் முகாமின் பதிவுகள் இல்லை. உன் ஓ.எல். பரீட்சைச் சான்றிதழும் என்னுடையதும் யுத்தத்தில் மாத்தளனில் போயின. பிறகு சுட்டெண்ணைச் சொல்லிப் பரீட்சைத் திணைக்களத்தில் மறுபிரதி எடுத்தோம். திணைக்களம் இருக்கிற பத்தரமுல்லையில் ஒரு பிரதி இருந்தது, அதில் வீட்டு விலாசம் யாரும் தேடவில்லை, பெறுபேறு மட்டும் இருந்தது. ரோகிங்கியாப் பிள்ளைக்குப் பத்தரமுல்லை இல்லை. ஆனால் பரீட்சை எழுதாத சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எங்களுக்கும் ஒன்றும் இருக்கவில்லையே. மெனிக்பாமின் இராமநாதன் வலயத்தில் தறப்பாளுக்குக் கீழே நாங்கள் இரண்டு தொண்டராசிரியைகளும் ஒரு சீஆர் கொப்பியை வைத்துக்கொண்டு முழித்தபோது, சந்திரா அக்கா ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு ‘கடைசியாகப் படித்த தமிழ்ப் பாடம் என்ன, சொல்லு பார்ப்போம்’ என்று கேட்டு வகுப்புப் பிரித்தது நினைவிருக்கா? அது எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஊருக்குத் திரும்பின காலத்தில் விடுகைப் பத்திரம் இல்லாத பிள்ளைகளை எப்படிச் சேர்த்தீர்கள் என்பதுதான் எனக்குத் தெரியாது. நான் அப்போது போய்விட்டேன்.

என் மனதில் இருப்பது இது. வகுப்பு முடித்ததற்கு முத்திரை குத்திய தாள் ஒன்று பிள்ளையின் வீட்டிலேயே இருக்கட்டும், தண்ணீர் படாத உறையில். எங்களிடம் ஒரு இலக்கம், மையம், வகுப்பு, பெறுபேறு, வயது, ஆணா பெண்ணா, மாற்றுத்திறன் இருக்கிறதா, இவ்வளவு மட்டும். எந்த இலக்கம் எந்தப் பிள்ளை என்கிற பட்டியல் தனியாக, ஒரே ஒரு இடத்தில், யார் திறந்தார்கள் என்று பதிகிற பூட்டோடு. இடாப்புகளை மூடிய மையங்களிலிருந்து உடனே சேகரிக்க வேண்டும், அதற்குக் காசும் பெரிதாகத் தேவையில்லை. ஒன்றரை வருடத்துக்குள் புதிதாக ஒன்றரை இலட்சம் பேர்வரை வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு முதல் நாளே தாள் கொடுக்கலாம். இதில் ஓட்டை இருக்கும். ‘தாள் தீயில் போனால்?’ என்று கேட்பார்கள், நியாயமாகத்தான். 2021 மார்ச்சில் ஒரே தீயில் நாற்பத்தையாயிரம் பேர் வீடிழந்தார்கள். அந்தக் கேள்விக்குத்தான் எனக்கு உன் அனுபவம் வேண்டும்: தாளும் போய், இடாப்பும் போனபோது, ஓர் அதிபர் எதை நம்பிப் பிள்ளையைச் சேர்த்தார்? சத்தியக் கடதாசியா, கிராம சேவகர் கடிதமா, கூடப் படித்த பிள்ளைகளின் வாய்ச்சொல்லா? கல்வி வலயத்திலிருந்து சுற்றறிக்கை வந்ததா, அல்லது ஒவ்வொருவரும் தங்கள் பாட்டில் செய்தீர்களா? அப்படிச் சேர்த்த பிள்ளைகள் பிறகு ஓ.எல். எடுக்கும்போது சிக்கல் வந்ததா?

பொன்னுத்துரை சேரும் கட்டாயம் ஏதாவது வைத்திருப்பார், அவர் பஸ் ரிக்கற்றைக்கூட எறியாத மனிசன். போய்க் கேள். போகும்போது பனங்கட்டி கொண்டு போ, வெறுங்கையோடு போனால் பாடம் நடத்தி அனுப்புவார். தட்டச்சு செய்து மினுக்கிக்கொண்டிருக்காதே, கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பு. எழுத்து கோழிக் கிறுக்கலாக இருந்தாலும் எனக்கு வாசிக்க வரும். பழைய சேர்விடாப்புப் பக்கம் ஏதும் அனுப்பினால், பெயர்களுக்கு மேலே ஒரு தாளை வைத்து மறைத்துவிட்டுப் படம் எடு.

வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் நல்லது.

அன்புடன்,
மதி