மாட்ரிட்டிலிருந்து தம்பிக்கு ஒரு கீபோர்டு கடிதம்

அன்புள்ள தம்பி,

இங்கே நலம். தரமணி ஆபீசில் உனக்கு ஸ்பானிஷ் இன்வாய்ஸ் வேலை கொடுத்திருக்கிறார்கள், நீ ஒவ்வொரு எழுத்தையும் கூகுளில் தேடி காப்பி பண்ணி ஒட்டிக்கொண்டு ராத்திரி லேட்டாக வருகிறாய் என்று அம்மா சொன்னார். ஏண்டா, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

இங்கே கீபோர்டில் எல்-க்குப் பக்கத்தில், நம் ஊரில் செமிகோலன் இருக்கும் இடத்தில், தலையில் வளைவு போட்ட 'என்' எழுத்து (ñ) உட்கார்ந்திருக்கும். எஞ்ஞே என்பார்கள். அகராதியில் என்-க்கு அடுத்து அதற்குத் தனி இடம். ஸ்பெயினில் விற்கும் கம்ப்யூட்டரில் இந்த எழுத்து இருந்தே ஆகவேண்டும் என்ற விதியை எடுக்கச் சொல்லி 1991-ல் ஐரோப்பியச் சமூகத்திலிருந்து (இன்றைய ஐரோப்பிய ஒன்றியம்) நெருக்கடி வந்ததாம், ஊரே கொதித்துப்போய், 1993-ல் அரசு ஆணையே போட்டு அந்த விதியைக் காப்பாற்றிக்கொண்டார்கள். எழுத்துக்காகச் சண்டை போடுகிறவர்கள் என்பதால் எனக்கு இவர்களைப் பிடித்துப்போயிற்று.

சரி, உன் விஷயம். ஆல்ட்டை அழுத்திக்கொண்டு நம்பர் பேடில் 164 அடித்தால் சின்ன எஞ்ஞே, 165 பெரியது, 160 ஏ மேல் சாய்கோடு (á), 168 தலைகீழ் கேள்விக்குறி. எப்போதாவது ஒன்று என்றால் பரவாயில்லை. நாள் முழுக்க இதையே அடிக்க முடியாது, நம்பர் பேட் இல்லாத லேப்டாப்பில் சுத்தமாக நடக்காது.

விண்டோஸ் செட்டிங்ஸில் லேங்குவேஜ் பகுதிக்குப் போய் யு.எஸ். இன்டர்நேஷனல் கீபோர்டைச் சேர்த்துவிடு. அதில் ஒற்றை மேற்கோளை அடித்தால் திரையில் ஒன்றும் வராது, பயப்படாதே, அடுத்து ஏ அடித்ததும் கோட்டோடு சேர்ந்து வரும். அப்பா தமிழ் டைப்ரைட்டரில் முதலில் புள்ளியை அடிப்பார், உருளை நகராது, அப்புறம் எழுத்தை அடிப்பாரே, அதேதான் இது. அவரிடம் காட்டு, உனக்கு முன்னால் பழகிவிடுவார். எஞ்ஞேவுக்கு வலது ஆல்ட்டும் என்-னும், தலைகீழ் கேள்விக்குறிக்கு வலது ஆல்ட்டும் சாய்கோட்டு (/) விசையும். மேற்கோள் குறி மட்டும் வேண்டுமென்றால் அதை அடித்துவிட்டு ஸ்பேஸ் தட்டு. இங்கிலீஷ் மெயில் அடிக்கும்போது இது எரிச்சலாக இருக்கும், அப்போது விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் தட்டி பழைய கீபோர்டுக்கு மாறிக்கொள்.

ரிச்சி தெருவுக்கு ஓடி ஸ்பானிஷ் கீபோர்டு தேடாதே, காசு தண்டம். ஸ்பெயின் கீபோர்டு வேறு, லத்தீன் அமெரிக்கக் கீபோர்டு வேறு. மெயில் முகவரியில் வரும் அட் குறி இங்கே வலது ஆல்ட்டோடு 2, லத்தீன் அமெரிக்கக் கீபோர்டில் வலது ஆல்ட்டோடு க்யூ. வந்த புதிதில் அந்தக் குறியைத் தேடி நான் பட்ட பாடு இருக்கிறதே!

இன்வாய்ஸில் ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர் வரும், முதலாவது பெரும்பாலும் அப்பா வழி, மற்றது அம்மா வழி. ஒன்றை வெட்டிவிடாதே. இன்ஷியலோடு வந்த என்னிடம் இரண்டாவது எங்கே என்று ஒவ்வொரு கவுன்ட்டரிலும் கேட்கிறார்கள், அது தனிக் கதை.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் கீபோர்டு சேர்க்க விடவில்லையென்றால், வேர்டில் கண்ட்ரோலையும் ஒற்றை மேற்கோளையும் சேர்த்து அழுத்திவிட்டு உயிரெழுத்தை அடி. எக்செல்லில் அது வேலை செய்யாது, அதனால் ஐ.டி. ஆட்களுக்கு இன்றைக்கே மெயில் போட்டு கீபோர்டைச் சேர்க்கச் சொல்லிவிடு.

அன்புடன்,
அக்கா